ஆளி விதையும் லெட்சுமி அக்காவின் காலும்

பிரிக்ஃபீல்ட்ஸில் நான் வேலை பார்த்த மளிகைக் கடைக்கு ஒரு நாள் காலையில் ஒரு சீனப் பெண்மணி வந்தார். கைப்பையிலிருந்து ஆங்கிலப் பத்திரிகைத் துண்டு ஒன்றை எடுத்து மேசையில் விரித்து, "திஸ் ஒன் காட் ஆர் நாட்?" என்று, இது இருக்கிறதா எனக் கேட்டார். படத்தில் எள்ளைவிடச் சற்றுப் பெரிய, எண்ணெய் தேய்த்தது போல் மினுங்கும் பழுப்பு விதைகள். ஃப்லெக்ஸ்சீட் என்று எழுதியிருந்தது. கொஞ்ச நேரம் பார்த்த பிறகுதான் எனக்கு அடையாளம் தெரிந்தது. ஆளி விதை. விருதுநகரில் எங்கள் வீட்டு வாசல் கதவுக்கு ஆசாரி துணியில் தோய்த்துத் தேய்த்தது இதன் எண்ணெயைத்தான். இரண்டு வாரம் வரை அந்த வாடை போகாது. கதவில் சாய்ந்தால் சட்டையில் ஒட்டிக்கொள்ளும் என்று அம்மா திட்டுவாள். நான் அந்தப் பெண்மணியிடம் அக்கறையாக, "மேடம், திஸ் இஸ் ஃபார் டோர்" என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "நோ லா, நாட் டோர். ஸ்டமக்" என்று வயிற்றைத் தட்டிக் காட்டினார்.

இது தொண்ணூறுகளின் நடுவில். ஊரிலிருந்து எனக்கு எழுதும் தோழிகள் இப்போது ஆளி விதையைப் பற்றிக் கேட்கத் தொடங்கியிருக்கிறார்கள். அங்கேயும் அது கதவிலிருந்து வயிற்றுக்கு வந்துவிட்டது போலிருக்கிறது. "நீ மனையியல் படிச்சவ, அதை விக்கிற கடையிலயும் இருந்தவ, நல்லதா கெட்டதான்னு ஒரு வரி எழுது" என்கிறார்கள். நல்லதுதான். ஆனால் அதை ஒரு வரியில் எழுத எனக்குக் கை வரவில்லை. ஒரு முறை ஒரு வரியில் பதில் சொன்னவள் நான்.

மதுரையில் மனையியல் பட்டம் வாங்கிய மறு வருடம் கல்யாணமாகி மலாய் பேசும் இந்த நாட்டுக்கு வந்தேன். கணவர் இங்கேயே பிறந்து வளர்ந்தவர், ரயில்வேயில் எழுத்தர். பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் எங்கள் குடித்தனம். ஊட்டச்சத்து, உணவுப் பகுப்பாய்வு என்று மூன்று வருடம் படித்ததைத் தூக்கிக்கொண்டு இரண்டு மூன்று இடங்களில் வேலை கேட்டேன். சான்றிதழைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு மரியாதையாகவே திருப்பிக் கொடுத்தார்கள். இந்த நாட்டில் அது செல்லாது. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியதும் வீட்டில் சும்மா இருக்க முடியாமல், பக்கத்துத் தெருவில் பரமசிவம் அண்ணன் நடத்திய கடையில் சேர்ந்தேன். மளிகையும் நாட்டு மருந்தும் சேர்ந்த கடை. மிளகு, மல்லி, கடுக்காய், திப்பிலி என்று நிறுத்துக் கட்டிக் கொடுப்பது என் வேலை. படித்த படிப்பைப் பற்றி அங்கே யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

ஆளி விதை வந்த பிறகு எல்லாம் மாறியது. சீனப் பெண்மணியைத் தொடர்ந்து நாலைந்து பேர் கேட்டார்கள். அண்ணன் ஒரு மூட்டை தருவித்தார். விற்கத் தெரிந்த ஆள் கடையில் நான் ஒருத்திதான். கல்லூரிப் பாடப்புத்தகத்தில் எள், நிலக்கடலைக்கு அடியில் ஒரே ஒரு வரியாகப் படித்துவிட்டுக் கடந்து போன விதை. இப்போது ஆங்கிலச் சஞ்சிகைகளைத் தேடிப் படித்தேன். மீனில் இருக்கும் நல்ல கொழுப்பின் உறவுக்காரக் கொழுப்பு ஒன்று இதில் நிறைய உண்டு, ஒமேகா-3 என்று பெயர். மீன் சாப்பிடாதவர்களுக்கு இது பெரிய வரம். நார்ச்சத்து உண்டு, தண்ணீர் பட்டால் வெண்டைக்காய் போல் வழுவழுவென்று ஊறி மலச்சிக்கலைத் தீர்க்கும், ரத்தத்தில் கொழுப்பைக் கொஞ்சம் இறக்கும், சாப்பிட்டதும் சர்க்கரை விறுவிறுவென்று ஏறாமல் பார்த்துக்கொள்ளும். முழு விதையாகத் தின்றால் பயனில்லை, அதன் தோல் கெட்டி, போனது போலவே வெளியே வந்துவிடும். லேசாக வறுத்துப் பொடித்து, காற்றுப் புகாத டப்பாவில் குளிர்பெட்டியில் வைக்க வேண்டும். இல்லாவிட்டால் எண்ணெய் சிக்குப் பிடித்துவிடும். ஒரு நாளைக்கு ஒரு கரண்டி, மிஞ்சினால் இரண்டு. சாப்பிட்டால் தண்ணீர் நிறையக் குடித்தே ஆக வேண்டும், இல்லையென்றால் அதுவே வயிற்றை அடைத்துவிடும்.

இதையெல்லாம் நான் சொல்லச் சொல்லப் பெண்கள் கூடி நின்று கேட்டார்கள். ஒருத்தி "டீச்சர் மாதிரி சொல்றீங்க லா" என்றாள். அதிலிருந்து எனக்கு டீச்சர் என்றே பெயராகிவிட்டது. வந்த நாள் முதல் நான் இந்தியாக்காரி, ஊர்ப்பொண்ணு, குணசேகரன் சம்சாரம். முதல் முறையாக எனக்கென்று ஒரு பெயர். அந்தப் பெயர் எனக்கு எவ்வளவு பிடித்திருந்தது என்பதை இப்போது எழுதும்போதும் கூச்சமாக இருக்கிறது.

லெட்சுமி அக்கா எங்கள் குவார்ட்டர்ஸில் இரண்டு வீடு தள்ளியிருந்த சரோஜாவின் அக்காள். ஐம்பதை நெருங்கியவர். கிள்ளானுக்கு வடக்கே மேருவில் ரப்பர் கையுறைத் தொழிற்சாலையில் வேலை. புருஷன் இறந்துவிட்டார், மகன் கல்யாணமாகி ஜொகூருக்குப் போய்விட்டான். மாதம் இரண்டு ஞாயிற்றுக்கிழமை தங்கையைப் பார்க்க பஸ்ஸில் வருவார், திரும்பும்போது எங்கள் கடையில் சாமான் வாங்கிக்கொண்டு போவார். நான் வந்த புதிதில் சரோஜா வீட்டில் அவரை முதலில் பார்த்தபோது, "எனக்கு இனிப்பு நீர் ம்மா" என்றார். சர்பத் கேட்கிறார் என்று நினைத்து நான் எழுந்து உள்ளே போய்ச் சர்க்கரை கரைத்துக் கொண்டு வந்தேன். இங்கே நீரிழிவுக்கு அப்படிச் சொல்வார்கள் என்று எனக்குத் தெரியாது. இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் நான் அவர்கள் வீட்டு மனுஷியானேன்.

தொழிற்சாலையில் நின்றுகொண்டே வேலை. ஈரத் தரை, முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ். நடுவில் கழிவறைக்குப் போவதென்றால் சூப்பர்வைசரிடம் கேட்க வேண்டும். அதனால் காலையிலிருந்து தண்ணீரே குடிப்பதில்லை என்றார். வயிறு கல் போலக் கிடக்கிறது என்று அவர் சொன்னபோது நான்தான் ஆளி விதைப் பொடியைக் கொடுத்தேன். கஞ்சியில் ஒரு கரண்டி, கூடவே வேலைக்குப் போகுமுன் இரண்டு குவளைத் தண்ணீர், வந்ததும் மூன்று குவளை என்று எழுதியே கொடுத்தேன். மூன்றாவது வாரம் வந்தவர் முகத்தில் தெளிவு இருந்தது. உடம்பு இறகு மாதிரி இருக்கிறது என்றார். அடுத்த தடவை தொழிற்சாலைத் தோழிகள் நால்வரைக் கூட்டிக்கொண்டு வந்தார். இதுதான் நம்ம டீச்சர் என்று அவர்களுக்கு என்னைக் காட்டினார்.

அன்றைக்குத்தான் கேட்டார். அரசாங்க கிளினிக்கில் கொடுக்கும் சர்க்கரை மாத்திரை அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை, வயிறு ஊதிக்கொள்கிறது. அதை வாங்க அரை நாள் வரிசையில் உட்கார வேண்டும். லீவு கேட்டால் சூப்பர்வைசர் முகம் சுளிக்கிறார். பொடி சாப்பிட ஆரம்பித்ததிலிருந்து உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது. இதையெல்லாம் சொல்லிவிட்டு, பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "அப்ப இது மட்டும் சுக்குப்பா, டீச்சர்?" என்றார்.

சுக்குப் என்றால் மலாயில் போதும் என்று பொருள். இது மட்டும் போதுமா என்று கேட்கிறார். மாத்திரையை விட்டுவிடலாமா என்று கேட்கிறார். போதாது என்று சொல்ல வேண்டும் என்பது எனக்குத் தெரியும். பாடப்புத்தகம் தெரியும், அவர் நோய் தெரியும். ஆனால் நால்வரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இது மருந்தில்லை, உணவுதான், டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள் என்று சொன்னால் நான் மறுபடியும் மிளகு நிறுக்கிறவளாகிவிடுவேன். அண்ணன் வேறு பின்னாலிருந்து "வசந்தி, அடுத்த ஆளைக் கவனி" என்று எனக்குக் குரல் கொடுத்தார். நான் சிரித்துக்கொண்டே, "ம், நல்லதுதான் அக்கா" என்றேன். அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. சந்தேகம் இருந்தால் அடுத்த தடவை கேட்பார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அடுத்த தடவை வந்தபோது அவர் கேட்கவில்லை. நானும் மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்று கேட்கவில்லை.

மூன்று மாதம் கழித்து ஒரு மத்தியானம் சரோஜா கடைக்குள் வந்தாள். வேலையிலிருந்து நேராக வந்திருக்கிறாள், நெற்றியில் வேர்வை. பூட்ஸ் உரசி அக்காளுக்குக் காலில் கொப்புளம் வந்ததாம். வலிக்கவில்லை என்று விட்டுவிட்டிருக்கிறார். சீழ் பிடித்து, காய்ச்சல் வந்து, கிள்ளான் ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது சர்க்கரை எங்கோ ஏறிப் போயிருந்தது. முந்தின நாள் இடது காலில் இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள். மாத்திரையை ஏன் விட்டாய் என்று டாக்டர் கேட்டதற்கு, கடையில் டீச்சர் பொடியே போதும் என்று சொன்னாள் என்றிருக்கிறார்.

"நீ சொன்னியா, வசந்தி?" என்று சரோஜா கேட்டாள். சத்தம் போடவில்லை.

அண்ணன் எழுந்து வந்து என் பக்கத்தில் நின்றார். கடையில் இரண்டு மூன்று பேர் இருந்தார்கள். என் வாய் எப்படி அந்தப் பதிலைக் கண்டுபிடித்தது என்று இன்றும் எனக்கு வியப்பாக இருக்கிறது. "சுக்குப்பான்னு கேட்டாங்க. பொடியில சுக்கு சேத்துக்கலாமான்னு கேக்குறாங்கன்னு நெனச்சேன் சரோஜா. அதான் நல்லதுன்னேன்" என்றேன். சொல்லிவிட்டு அழுதேன். அழுகை உண்மையானது.

அண்ணன்தான் முதலில் பேசினார். பாவம், இந்தியாவிலிருந்து வந்த பொண்ணு, நம்ம பாசை அதுக்கு என்ன தெரியும், அதைப் போய்க் கேட்டால் எப்படி என்றார். கடையில் நின்றவர்களும் ஆமாம் என்றார்கள். சரோஜா என்னைப் பார்த்தாள். இனிப்பு நீருக்குச் சர்பத் கொண்டு வந்தவள்தானே என்று அவளுக்கு நினைவு வந்திருக்க வேண்டும். என் தோளைத் தொட்டுவிட்டுப் போனாள். இத்தனை வருடமும் எதை உதறிவிட வேண்டும் என்று பாடுபட்டேனோ, அந்த இந்தியாக்காரி என்ற பெயருக்குள்ளேயே அன்றைக்கு ஓடி ஒளிந்துகொண்டேன். அவர்கள் எனக்காகக் கதவைச் சாத்தியும் கொடுத்தார்கள்.

இரண்டு நாள் கழித்து ஆஸ்பத்திரிக்குப் போனேன். கால் கட்டின் மேல் போர்வை மேடாக இருந்தது. நான் அதைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தேன். சரோஜா எல்லாம் சொல்லியிருந்தாள். லெட்சுமி அக்கா என் முகத்தை வெகுநேரம் பார்த்துவிட்டு, மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தார். "உன் மேல் தப்பு இல்லை அம்மா. நான்தான் தமிழில் கேட்டிருக்க வேண்டும்."

அன்றிலிருந்து அவர் என்னிடம் அப்படித்தான் பேசினார். இங்கே எல்லோரும் பேச்சின் கடைசியில் ஒட்டிக்கொள்ளும் லா கிடையாது. ஒரு மலாய்ச் சொல் கிடையாது. பாசார் சந்தையானது, லோரி சரக்கு வண்டியானது. வானொலிச் செய்தி வாசிப்பவர் போல, "நீங்கள் சாப்பிட்டீர்களா?" என்பார். தங்கையிடம் கலகலவென்று பேசிக்கொண்டிருப்பவர் என் பக்கம் திரும்பியதும் நிறுத்தி, யோசித்து, சுத்தமான தமிழில் தொடங்குவார். அதைவிட அவர் என்னைத் திட்டியிருக்கலாம். ஊரில் என் அம்மாவிடமிருந்து வரும் கடிதத்தில்கூட இவ்வளவு ஒழுங்கான தமிழ் இருக்காது. ஒவ்வொரு வாக்கியமும் என் பொய்யை நம்பி எனக்காகப் பாடுபடுகிற வாக்கியமாக எனக்குக் கேட்டது.

கடையில் நான் ஆளி விதைப் பொட்டலம் ஒவ்வொன்றிலும் ஒரு துண்டுச் சீட்டு வைக்கத் தொடங்கினேன். இது மருந்துக்குப் பதில் அல்ல. மாத்திரை சாப்பிடுகிறவர்கள், முக்கியமாகச் சர்க்கரைக்கும் ரத்தம் உறையாமல் இருப்பதற்கும் சாப்பிடுகிறவர்கள், டாக்டரைக் கேட்டுவிட்டுச் சாப்பிடவும் என்று தமிழிலும் மலாயிலும் ஆங்கிலத்திலும் எழுதினேன். மலாய் வாசகத்தை யாரிடமும் கேட்காமல் நானே எழுதினேன். அதைக்கூட அண்ணன் கவனிக்கவில்லை. இப்படிப் பயமுறுத்தினால் யார் வாங்குவார்கள் என்று மட்டும் முணுமுணுத்தார். டீச்சர் என்று யாராவது கூப்பிட்டால் வசந்தி என்று திருத்தினேன்.

கணவரிடம் சொன்னேன். நடந்தது நடந்துவிட்டது, இப்போது போய்ச் சொல்லி அவர் விரல் திரும்ப வரப் போகிறதா என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. அந்தப் பதிலைப் பிடித்துக்கொண்டு ஒரு வருடத்தை ஓட்டினேன். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி மேருவுக்குப் போனேன்.

லெட்சுமி அக்கா சமையலறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பயத்தங்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். தொழிற்சாலையில் இப்போது உட்கார்ந்து கையுறைகளைச் சரிபார்த்துப் பெட்டியில் அடுக்கும் வேலை கொடுத்திருந்தார்கள். வாருங்கள், உட்காருங்கள் என்றார். நான் உட்காரவில்லை. உட்கார்ந்தால் சொல்ல மாட்டேன் என்று பயம்.

"அக்கா, அன்னிக்கு நீங்க கேட்டது எனக்குப் புரிஞ்சுது. சுக்குன்னு நெனைக்கவே இல்ல. நான் பொய் சொன்னேன்."

கத்தி நிற்கவில்லை. கையிலிருந்த காயை நறுக்கி முடித்து, அடுத்ததை எடுத்துக் காம்பு கிள்ளிய பிறகுதான் வாய் திறந்தார்.

"தெரியும்" என்றார். "பொட்டலம் கட்டறப்ப நீதானே ஒவ்வொரு தடவையும் கேப்ப, சுக்குப்பா அக்கா, இன்னும் போடட்டுமான்னு."

பிறகு ஏன் ஆஸ்பத்திரியில் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன்.

"அப்ப ஒன் மூஞ்சியப் பாத்தேன். கேட்டிருந்தா மறுபடியும் பொய்தான் சொல்லியிருப்ப. அதான் விட்டுட்டேன். நீயா வந்து சொல்லுவியான்னு பாத்தேன். ஒரு வருசம் ஆச்சு லா."

அப்போதுதான் எனக்கு அந்தச் சுத்தமான தமிழ் விளங்கியது. அவர் என்மேல் இரக்கப்பட்டு அப்படிப் பேசவில்லை. பார்க்கும்போதெல்லாம் அந்தப் பொய்யை எடுத்து என் முன்னால் வைத்துவிட்டுக் காத்திருந்திருக்கிறார். நான்தான் ஒவ்வொரு முறையும் அதைத் தாண்டிப் போயிருக்கிறேன். மன்னித்துவிடுங்கள் என்று சொல்ல நினைத்தேன். அதைக் கேட்பதற்கும் எனக்கு வெட்கமாக இருந்தது.

"மாத்திரைய விட்டது நான்தான். எனக்கும் அறிவு இருக்கு, அது என் தப்பு" என்றார் அவர். "பொய் ஒன்னோடது. அத நான் வாங்கிக்க முடியாது." பிறகு பயத்தங்காய்ச் சட்டியை என்னிடம் நீட்டி, அந்தக் காலில் மறுபடியும் புண், அடுத்த புதன்கிழமை கிளினிக்குக்குப் போக வேண்டும், சரோஜாவுக்கு லீவு கிடைக்கவில்லை, நீ வா என்றார். மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை.

அண்ணனிடம் லீவு கேட்கும்போது காரணத்தையும் சொன்னேன். அன்றைக்கு எனக்கு எல்லாம் புரிந்தது என்றேன். அவர் கொஞ்ச நேரம் தராசுத் தட்டைத் துடைத்தார். பழைய கதையை ஏன் கிளறுகிறாய் என்றார். அதன் பிறகு பல நாள் என் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. சரோஜாவிடமும் சொன்னேன். அவள் என்னுடன் பேச்சை நிறுத்தினாள். குவார்ட்டர்ஸ் குழாயடியில் நான் வந்தால் வாளியை எடுத்துக்கொண்டு போய்விடுவாள். பல மாதங்களுக்குப் பிறகு தீபாவளிக்கு முறுக்கு மட்டும் மகளிடம் கொடுத்தனுப்பினாள்.

இதை எழுதுவது ஆளி விதையைக் குறை சொல்வதற்காக இல்லை. லெட்சுமி அக்கா இன்றும் கஞ்சியில் ஒரு கரண்டி போட்டுக்கொள்கிறார், டாக்டரைக் கேட்டுவிட்டு, மாத்திரையோடு சேர்த்து. அவர் வயிறு சரியாக இருக்கிறது. கொழுப்பும் இறங்கியிருக்கிறது. தோழிகளே, நீங்களும் வாங்கிச் சாப்பிடுங்கள். பொடித்துச் சாப்பிடுங்கள், தண்ணீர் குடியுங்கள். ஆனால் உங்கள் மாத்திரையைப் பற்றி, கடையில் சிரித்துக்கொண்டு நிற்கிற என்னைப் போன்ற ஒருத்தியிடம் மட்டும் கேட்காதீர்கள்.

அந்தப் புதன்கிழமை கிளினிக்கில் வரிசை மத்தியானம் வரை நீண்டது. எங்கள் எண்ணைக் கூப்பிட்டதும் லெட்சுமி அக்கா என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார். கட்டு மாற்றும் அறையில் ஒரு மலாய்த் தாதி. வீட்டில் புண்ணைக் கழுவிக் கட்டத் தெரிந்த ஆள் ஒருவர் கையெழுத்துப் போட வேண்டுமாம். படிவத்தை எடுத்துக்கொண்டு என்னைக் காட்டி, "இனி சியாப்பா?" என்று கேட்டார், இது யார் என்று.

"ஆடிக் சாயா" என்றார் லெட்சுமி அக்கா. என் தங்கை.

தாதி எழுதிக்கொண்டே இருவரின் அடையாள அட்டையையும் கேட்டார். மேசைமேல் வைத்தோம். அவருடையது நீலம், இந்த நாட்டில் பிறந்தவருடையது. என்னுடையது சிவப்பு. இருக்க அனுமதி உண்டு, குடியுரிமை இல்லை. பிறந்த இடம் இந்தியா என்று அதிலேயே அச்சடித்திருக்கிறது. தாதி இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு பேனாவை நிறுத்தி, என்னைப் பார்த்து, "ஆடிக்?" என்றார்.

நான் லெட்சுமி அக்காவைப் பார்த்தேன். அவர், பதில் சொல்ல வேண்டியவள் நான் என்பது போல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆம் என்று தலையாட்ட எனக்கு எவ்வளவு ஆசையாக இருந்தது என்று சொல்லி முடியாது.

"புக்கான்" என்றேன். இல்லை.

தாதி ஆடிக் என்று எழுதியிருந்ததை ஒரு கோடு போட்டு அடித்தார். அப்படியானால் என்ன எழுதுவது என்று கேட்டார். எனக்கும் தெரியவில்லை, லெட்சுமி அக்காவுக்கும் தெரியவில்லை. பின்னால் ஆட்கள் காத்திருந்தார்கள். தாதி உறவு என்ற இடத்தை வெறுமையாக விட்டுவிட்டுப் படிவத்தை என் பக்கம் திருப்பினார். நான் அதற்கு நேராகத் தமிழில் கையெழுத்துப் போட்டேன். லெட்சுமி அக்கா என் தோளில் கையை ஊன்றிக் கட்டிலில் ஏறி உட்கார்ந்தார். பிறகு செருப்பிலிருந்து இடது காலை உருவி, என் முன்னால் நீட்டினார்.